முதல் 6 பகுதிகளை மட்டும் இறக்குங்கள்

தம்பி, டேட்டா பாதிதான் மிச்சம், மாங்குளத்தில் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வருகிறது, ‘கபனேரி’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரின் 12 பகுதிகளையும் இறக்கலாமா, ஒன்பது வயதுத் தங்கச்சியும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் 6 போதும். 2016இல் விட் ஸ்டூடியோ எடுத்தது, இயக்கம் அராக்கி டெட்சுரோ. கவசம் பூட்டிய நீராவி ரயில், அதற்குள் அடைபட்ட சனம், வெளியே இதயத்தை இரும்பு மூடிய, நடமாடும் பிணங்கள். அவற்றிடம் கடிபட்ட நாயகன் இக்கோமா தன் கழுத்தை இறுக்கி நஞ்சு மூளைக்கு ஏறாமல் தடுக்கும் இடத்தில் மூச்சு முட்டும். சண்டை வரைந்த விதமும் சவானோவின் இசையும் அபாரம். (1990 முதல் 2013 வரை கிளிநொச்சிப் பக்கம் ரயிலே ஓடாத எங்களுக்கு, ஓடும் ரயிலே ஒரு வீடு என்பது இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.)

பிறகு பிபா என்ற வில்லன் வருகிறான். அவன் கோபத்துக்குச் சொல்லும் காரணம் ஒட்டவே இல்லை. முமேய், அவ்வளவு துடிப்பான பெட்டை, அவனுக்கு முன்னால் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறாள். முடிவும் அவசரம். டேட்டா மிஞ்சினால் பாருங்கள்.

தங்கச்சிக்கு வேண்டாம். முதல் பகுதியிலேயே இரத்தம் தெறிக்கும்.