கனடா அரசின் பல் காப்பீடு: இந்தச் செலவு தாங்குமா?

கேள்வி: கனடாவில் பெரியவர்களுக்கும் அரசு பல் காப்பீடு வந்துவிட்டது. இவ்வளவு செலவை நாடு தாங்குமா?

நான் ஒன்ராறியோ மாகாணத்தில், டொராண்டோ நகரத்து ஸ்காபரோவில் ஒரு பல் கிளினிக்கில் பில் போடும் ஆள். அந்த மேசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

2022 பட்ஜெட்டில் ஐந்து வருடத்துக்கு 530 கோடி டொலர் என்றார்கள். 2023 பட்ஜெட்டில் அது 1,300 கோடியானது. அதன் பிறகு வருடா வருடம் 440 கோடி. திட்டத்தைப் பிடிக்காதவர்கள் இந்தத் தாவலைத்தான் காட்டுவார்கள்.

2024 மே மாதம் முதியவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு ஐயா டிஷ்யூவைப் பிரித்து மேல்தாடைப் பல்லுச் செட்டை மேசையில் வைத்தார். நடுவில் உடைந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது. "பிள்ளை, இதுக்கு இனிக் காசு கட்டத் தேவையில்லையாம், மெய்யே?" பல் டொக்டரைப் பார்த்துப் பன்னிரண்டு வருடமாம். கீழே மூன்று பல் பிடுங்கி, இரண்டை அடைத்து, மேலுக்குப் புதுச் செட். பில் நீளமாகத்தான் போனது. ஆனால் அது அந்த வருடத்துச் செலவா? பன்னிரண்டு வருடம் தள்ளிப்போட்டது மொத்தமாக வந்து நின்றது. அடுத்த வருடம் செக்கப்பும் கிளீனிங்கும் மட்டும்தான்.

பலரும் நினைப்பதுபோல எல்லாருக்கும் எல்லாம் இலவசம் இல்லை. குடும்ப வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்றால், திட்டம் வைத்திருக்கும் கட்டணம் முழுவதும் கிடைக்கும். 70,000 முதல் 80,000 வரை 40 சதவீதமும், அதற்கு மேல் 90,000 வரை 60 சதவீதமும் நோயாளியின் பங்கு. அதற்கும் மேலே போனால் ஒன்றும் இல்லை. அப்புறம், கிளினிக்கின் கட்டணம் கூடவாக இருந்தால் அந்த வித்தியாசமும் நோயாளியின் தலையில்தான். கிளினிக் 200 கேட்கிறது, திட்டத்தின் கட்டணம் 180 என்று வையுங்கள். 40 சதவீதக்காரர் 72 டொலரோடு அந்த 20ஐயும் சேர்த்து 92 கட்டுவார். மேசையில் சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் கிடையாது. பல்லுக்கு மேல் உறைபோலப் போடும் கிரவுனுக்கு முன்னமே அனுமதி எடுக்க வேண்டும். வேலையிடத்தில் பல் காப்பீடு கிடைக்கும் என்றால், அது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் இதில் சேர முடியாது. அரசுக்குப் பெரிய மிச்சம் இதில்தான். எனக்கு மனம் ஒப்பாததும் இதுதான்.

செலவு இல்லாமல் முன்பும் இருக்கவில்லை. 1984 கனடா சுகாதாரச் சட்டம் டொக்டரையும் ஆஸ்பத்திரியையும் பார்த்துக்கொண்டது; ஆஸ்பத்திரியில் செய்தாக வேண்டிய பல் அறுவையைத் தவிர, பல்லை வெளியே விட்டுவிட்டது. பல்வலி தாங்காமல் இரவில் எமர்ஜென்சிக்குப் போனால் வலி மாத்திரையும் அன்டிபயாட்டிக்கும் தருவார்கள். அந்தச் செலவு ஒன்ராறியோ அரசுக்கு. சொத்தைப் பல் அப்படியே வாயில் இருக்கும்.

என் கணிப்பில் தாங்கும். ஆனால் 2025இல் 18 முதல் 64 வயதுக்காரருக்கும் திறந்துவிட்டார்கள். அவர்களுடைய பழைய பாக்கியும் வரும், தொகை இன்னும் ஏறும். அதைப் பார்த்துப் பயந்து கிளீனிங்கையும் அடைப்பையும் வெட்டினால் பிடுங்கும் பில்தான் கூடும்.

சரி, உங்கள் அம்மா அப்பா இதில் இருந்தால் வருமான வரியை நேரத்துக்கு பைல் பண்ணச் சொல்லுங்கள். வருடா வருடம் புதுப்பிக்க அது வேண்டும். அது இல்லாமல் கதிரையில் ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடம் கேட்டால், நான் ஒன்றும் செய்ய ஏலாது.