தண்ணீருக்குள் மனிதரால் அதிகபட்சம் எவ்வளவு நேரம் மூச்சடக்கி இருக்க முடியும்?

29 நிமிடம் 3 விநாடி. குரோவேஷியாவின் ஒபாட்டியா நகரில் 2025 ஜூன் 14 அன்று விட்டோமிர் மாரிசிச் என்பவர் ஒரு நீச்சல் குளத்தில் செய்து காட்டிய சாதனை. இந்த எண்ணை மட்டும் படித்துவிட்டு யாரும் கிணற்றில் முங்கிப் பார்க்கக் கூடாது என்பதால்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

அவர் முங்குவதற்கு முன்னால் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தார். நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்சிஜனை மட்டும் சில நிமிடம் சுவாசித்தால் நுரையீரலில் நைட்ரஜன் இருந்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும், கையிருப்பு பல மடங்காகும். 2021இல் 24 நிமிடம் 37 விநாடி இருந்த புடிமிர் ஷோபாட்டும் (அப்போது அவருக்கு 56 வயது!) இதே வழியில்தான் செய்தார். வெறும் காற்றை மட்டும் இழுத்துக்கொண்டு பிரான்சின் ஸ்தெபான் மிஃப்சூத் 2009இல் 11 நிமிடம் 35 விநாடி இருந்தார். என்னைக் கேட்டால் இதுதான் பெரிது.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். தோட்டத்துக் கிணற்றில்தான் எல்லாரும் நீச்சல் பழகினோம். யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று தினமும் போட்டி நடக்கும். படியில் உட்கார்ந்து ஒருவன் எண்ணுவான். பெரிய பையன்கள் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்கள்: முங்குவதற்கு முன் இருபது முப்பது தடவை வேக வேகமாக மூச்சை இழுத்து விடு, நேரம் கூடும். கூடத்தான் செய்தது. அறுபதில் மேலே வந்துகொண்டிருந்த நான் தொண்ணூறு வரை இருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பெரியம்மா மகன், எனக்கு மூன்று வயது மூத்தவன், அப்படி இழுத்துவிட்டு முங்கினான். எண்ணிக்கை நூறைத் தாண்டியதும் கைதட்டினோம். நூற்று இருபதிலும் வரவில்லை. மோட்டார் போட வந்த மாமா எட்டிப் பார்த்தவர் வேட்டியோடு குதித்துவிட்டார். தூக்கி வந்தபோது அண்ணனின் உதடு நீலமாக இருந்தது. கன்னத்தில் தட்டத் தட்ட, இருமிக்கொண்டு மூச்சு வந்தது. அப்புறம் அவன் சொன்னதை நான் மறக்கவே இல்லை: "எனக்கு மூச்சே முட்டலடா, நல்லாத்தான் இருந்துச்சு."

அது எப்படி என்று புரியப் பல வருஷம் ஆனது. மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, பெரும்பாலும் உடம்பில் கரியமில வாயு சேர்வதால். வேகமாக இழுத்து விட்டால் அந்த வாயு வெளியே போய்விடுகிறது. ஆக்சிஜனோ பெரிதாகக் கூடுவதில்லை, ரத்தத்தில் அது ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பித்தான் இருக்கிறது. ஆக, 'போதும், மேலே வா' என்று உடம்பு சொல்வதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும்.

சாதனை செய்கிறவர்கள் நம்புவது வேறு விஷயங்களை. அசையாமல் மிதப்பார்கள். முகம் தண்ணீரில் பட்டதும் இதயத்துடிப்பு குறையும், கை கால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து மூளைக்கும் இதயத்துக்கும் மிஞ்சும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். முங்கியே பிழைக்கும் தென்கிழக்காசியாவின் பஜாவ் மக்களுக்கு, பக்கத்து நிலத்து மக்களைவிட மண்ணீரல் சுமார் 50 சதவீதம் பெரிது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. போட்டிகளில் பக்கத்திலேயே ஒருவர் காவலுக்கு இருப்பார். மேலே வந்த சில விநாடிகளுக்குள் நன்றாக இருக்கிறேன் என்று சைகை காட்டாவிட்டால் அந்த நேரம் கணக்கில் சேராது. இத்தனைக்கும் நடுவே, 2013இல் 9 நிமிடம் 2 விநாடி இருந்த ரஷ்யாவின் நத்தாலியா மொல்சனோவா, 2015இல் ஸ்பெயினின் ஃபொர்மென்டெரா தீவருகே கடலில் முங்கியவர் திரும்பவில்லை.

அண்ணன் இப்போது அதே கிணற்றில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறான். தம் கட்டும்போது அவனும் தண்ணீரில்தான் இருப்பான். முப்பது எண்ணியதும் தோளைத் தட்டுவான், உடனே மேலே வந்துவிட வேண்டும். படியில் நின்று வேக வேகமாக மூச்சிழுக்கும் பிள்ளையை அன்றைக்கு முங்கவே விடமாட்டான்.