அடங்கும் வேடம் போட்டேன், அழுகை நிற்கவில்லை: இது மனநோயா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் நான். வயது 38. மனைவி, ஒரு பெண் குழந்தை. பையரைப் பார்க்க அடிக்கடி ஜெர்மனி போவேன். ஒரு பெண்ணுக்கு அடங்கி நிற்கும் கற்பனை கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. போன பயணத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளும் பெண்ணாக வேடம் போடும் ஒரு டாமினேட்ரிக்ஸிடம் நேரம் வாங்கிப் போனேன். உடலுறவு எதுவும் இல்லை. வேடத்தில், சரக்கை ரிஜெக்ட் செய்யும் இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி அவர், மாட்டிக்கொண்டவன் நான். என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டார். சிறு வயதில் அப்பா என்னைத் திட்டும் ‘தண்டச்சோறு’ என்பதையும் எழுதிக் கொடுத்து, உச்சரிக்கவும் சொல்லித் தந்தேன். நடுவில் அவர் அதைச் சொன்னதும் உடம்பு விறைத்துவிட்டது. நிறுத்துவதற்கு ‘சிவப்பு’ என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. நேரம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு டாக்சி ஏறிவிட்டேன். ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் இல்லை. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுகிறேன். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு மனநோயா? கோவையிலேயே இதற்கு ‘மேடம்’ இருப்பதாக டெலிகிராமில் ஒருவர் அட்வான்ஸ் கேட்கிறார். இன்னொருவர் ஹிப்னாடிசத்தில் இந்த ஆசையையே எடுத்துவிடுவதாக 45,000 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார். எதற்குப் போவது?

பதில்: இரண்டுக்கும் போகாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இன்று ராத்திரி யாருக்கும் பணம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், அது போதும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். வயது வந்த இரண்டு பேர் சம்மதத்தோடு ஒருவர் ஆள, ஒருவர் அடங்க என்று வேடம் கட்டுவது மனநோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ‘சேடோமசோகிசம்’ (துன்புறுத்துவதிலோ துன்பப்படுவதிலோ இன்பம் காண்பது) என்று ஒரு வரி வெகுகாலம் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அது இல்லை. சம்மதிக்காத ஒருவரைத் துன்புறுத்தி இன்பம் காண்பது இன்னமும் நோயாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆசை வேறு, கோளாறு வேறு என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-லேயே பிரித்துவிட்டார்கள். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஊர் ஒழுக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதை வைத்து யாரையும் மனநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது.

சட்டம் இப்படி. டாக்டர் படிப்பு எப்படித் தெரியுமா? 2024 ஆகஸ்ட் கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம், தன்பாலின உறவைப் பழையபடி இயற்கைக்கு மாறான குற்றத்தில் சேர்த்து ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. கண்டனம் கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பப் பெற்றது. பெரிய இடத்தின் தெளிவே இந்த லட்சணத்தில் இருந்தால், அடங்கும் ஆசையைப் பற்றி நம் டாக்டர் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தரப் போகிறார்கள்? நீங்கள் விஷயத்தைச் சொன்னதும் சில டாக்டர்கள் நெளிவார்கள். அந்த நெளிவு அவர்களுடைய குறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பதவியில் இருப்பவனுக்குத்தான் இப்படி அடங்கத் தோன்றும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. தறி ஓட்டுபவருக்கும் வரும், டீச்சருக்கும் வரும், படிக்கிற பெண்ணுக்கும் வரும். காரணம் தோண்டிக்கொண்டிருப்பதில் உங்களுக்குப் பலன் இல்லை.

உங்களை உடைத்தது அந்த ஆசை இல்லை, நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு சொல். இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி பொய், ரிஜெக்ட் ஆன சரக்கு பொய், மேசைமேல் அவர் விரித்துவைத்த ஃபைல் பொய். பொய் என்று இருவருக்கும் தெரிவதால்தான் அதை விளையாட்டு என்கிறோம். அதன் நடுவில் அப்பாவின் சொல் ஒன்று மட்டும் நிஜம். எட்டு வயதில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டதாக இருக்கும். அதைக் காதில் வாங்கியபோது உங்களுக்கு 38 வயது இல்லை. அந்த டாமினேட்ரிக்ஸ் அம்மாவுக்கோ அது அர்த்தம் புரியாத வெறும் ஓசை. கத்தியா கரண்டியா என்று தெரியாமல் கையில் எடுத்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல இது எழுதவில்லை. எழுதி வாங்கியிருக்கிறார், நிறுத்தும் சொல் வைத்திருக்கிறார், தொழில் தெரிந்தவர்தான். ஆனாலும் இந்தத் தொழிலில் பழுத்தவர்கள், பட்டியலில் ஒரு வசவைப் பார்த்தால், ‘இதை உன்னிடம் யார் சொன்னது, எந்த வயதில்?’ என்று கேட்பார்கள். அப்பா என்று பதில் வந்தால் அதை அடித்துவிட்டு, சொந்தக் கதை ஒட்டாத வேறு சொல் கேட்பார்கள். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் இந்தத் தொழிலுக்குப் பதிவும் சுகாதார ஆலோசனையும் கட்டாயம். உங்கள் மனசுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பயிற்சியை அந்தப் பதிவு தராது. பழைய காயத்தை அதே இடத்தில் மறுபடி அடித்தால் ஆறிவிடும் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். சிகிச்சை தெரியாதவரிடம், மணிக்கணக்குக் கட்டணத்தில் அதைச் செய்துபார்க்கக் கூடாது. கழுத்தை நெரிப்பதுபோல விளையாடுவதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும்.

அடுத்தது அந்த ‘சிவப்பு’. பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, சிவப்பு என்றால் அந்த நொடியே நிறுத்து. பொதுவாக இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். வேலை செய்யாத ஒரு கூட்டம் உண்டு. நீங்கள் அதில் இருக்கிறீர்கள். பயம் ஒரு அளவைத் தாண்டினால் சிலர் ஓடுவார்கள், சிலர் எதிர்ப்பார்கள், சிலர் அப்படியே உறைந்துபோவார்கள். உறைந்தவனுக்கு நாக்கு எழாது. மூச்சு மேலோட்டமாக ஓடும், கண் ஒரே இடத்தில் நிற்கும், கேட்டால் தலை மட்டும் தானாக ஆடும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு ‘ஆள் நன்றாக மூழ்கிவிட்டான்’ என்றுதான் தோன்றும். இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், சேஃப் வேர்ட், அதாவது நிறுத்தும் சொல், இருந்ததே, நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று உங்களையே நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நம் வீடுகளில் அப்பன் திட்டும்போது பிள்ளை தலைகுனிந்து நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் ‘எதுத்துப் பேசறயா?’ என்று இன்னொன்று விழும். வாயை மூடிக்கொள்ள அப்போதே பழகிவிட்டீர்கள், அங்கேயும் அதைத்தான் செய்தீர்கள். போதாததற்கு, பதில் பேசக் கூடாதவன் என்பதே உங்கள் வேடம். சிறு வயதில் அடி வாங்கியவர்கள், முன்பு படபடப்பு நோய் வந்தவர்கள், தாய்மொழி இல்லாத மொழியில் பேசுகிறவர்கள், கட்டிய காசு வீணாகுமே என்று கூச்சப்படும் முதல்முறைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். இவர்களுக்கு வாய்ச்சொல் போதாது. கையில் ஒரு பந்தைக் கொடுத்து, விட்டால் நிறுத்து என்று வைக்க வேண்டும். ஆட்டத்தை நடத்துபவரும் சொல் வரட்டும் என்று காத்திருக்காமல் அவ்வப்போது வேடத்தைக் கழற்றிவிட்டு, ‘இப்போது என்ன நிறம்?’ என்று கேட்க வேண்டும். வாயால் பதில் வராவிட்டால் அதைச் சிவப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தலையாட்டல் செல்லாது.

முடித்த விதமும் சரியில்லை. பொன்னர்-சங்கர் என்கிற அண்ணன்மார் கதை பாடும் ஊர்களில் படுகளம் என்ற சடங்கைப் பார்த்திருப்பீர்கள். உடுக்கைச் சத்தத்தில் ஆட்கள் பிணம்போல விழுவார்கள். விழுந்தவனை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டம் வீட்டுக்குப் போகாது. தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். (சாமி காரியத்தையும் இதையும் ஒன்றாக்குகிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எழுப்பும் முறையை மட்டும்தான் சொல்கிறேன்.) இந்தத் துறையில் அதற்கு ஆஃப்டர்கேர் என்று பெயர். போர்வை, தண்ணீர், வேடம் கலைந்த சாதாரணப் பேச்சு, சொந்தப் பெயரால் கூப்பிடுவது, மறுநாள் ஒரு செய்தி. இதெல்லாம் முறையாக நடந்தாலும்கூட ஓரிரு நாள் கழித்துக் காரணமில்லாமல் அழுகையும் வெறுமையும் சிலருக்கு வரும், வந்து போய்விடும். உங்களை யாரும் எழுப்பவில்லை, டாக்சி ஏறிவிட்டீர்கள். மூன்று வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் தானாகப் போகும் என்று இனிக் காத்திருக்கக் கூடாது.

இப்போது அந்த டெலிகிராம் ஆள். இதே வகைக் கதையோடு என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் வரிசை மாறுவதே இல்லை. முதலில் ஒரு படம், மரியாதையான பேச்சு, சின்னத் தொகை அட்வான்ஸ். பிறகு ‘மேடம் உங்களைப் பரிசோதிக்கணும்’ என்று வீடியோ கால். மண்டியிடச் சொல்வார்கள், முகம் தெரியணும் என்பார்கள். பத்தாவது நிமிடம் உங்கள் மனைவி, முதலாளி, மச்சான் பெயர்களோடு ஸ்கிரீன்ஷாட் வரும். அடங்க ஆசைப்படுகிறவன் என்று தெரிந்தே மிரட்டுவதால், சிலருக்கு அது விளையாட்டா நிஜமா என்று புரிவதற்குள் நகைக்கடன் வரை போய்விடுகிறது. நேரில் போனாலும் கதை வேறில்லை: கதவைத் தட்டி ‘போலீஸ்’ என்று இரண்டு பேர் வருவார்கள். நிறுத்தும் சொல், பட்டியல், எழுப்பிவிடுவது என்று நான் மேலே எழுதியதில் ஒன்றுகூட அங்கே இருக்காது. அடுத்தவர் வருமானத்தில் தின்னும் இந்தத் தரகனை 1956-ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் தண்டிக்கும். நடைமுறையில் தரகன் தப்பித்துவிடுவான், மாட்டுவது அந்தப் பெண்ணும் நீங்களும்தான்.

ஏற்கெனவே வீடியோவில் முகம் காட்டியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்தது இரட்டிப்பாக வரும். உரையாடலை அழிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். ஸ்டேஷனில் ‘நீ எதுக்கய்யா அங்க போன?’ என்று முதலில் உங்களையே விசாரிப்பார்கள், அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவில் குற்றம், புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஹிப்னாடிச பேக்கேஜ்காரர் அவனைவிட நாசூக்கு, அவ்வளவுதான். ஒரு மனிதனின் கற்பனையை உருவி எடுக்கும் சிகிச்சை உலகத்தில் எங்கும் இல்லை. மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு ‘ரகசிய நோய்’ பார்க்கும் வைத்தியர்களின் புது அவதாரம் இவர். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்ட விரோதம். இருந்தும் பொள்ளாச்சி முதல் தாராபுரம் வரை பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைச் சுவரெல்லாம் அந்த நோட்டீஸ்தான். ‘கவுன்சிலர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், கேட்க நாதியில்லை. நீங்கள் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவ கவுன்சில் பதிவு எண், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் உட்காராதீர்கள். மொத்தப் பணத்தையும் முன்பே கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோவை, ஈரோட்டில் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் நல்ல டாக்டர்கள் உண்டு. ஆனால் பல ஓ.பி.களில் ஒரே மேசையைச் சுற்றி நாலு நோயாளி நிற்க, அந்தரங்கத்தைச் சொல் என்றால் யார் சொல்வார்? ‘தனியாகப் பேசணுங்க’ என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டியது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி அவர்கள் கடமை. முதல் நாளே ஜெர்மனிக் கதையை ஒப்பிக்க வேண்டியதில்லை. தூக்கமின்மை, அழுகை, அப்பா என்று தொடங்கினால் போதும். மருந்து தேவையா, பேச்சு சிகிச்சை போதுமா என்று அவர் பார்த்துக்கொள்வார். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அப்பாவிடம் இந்த வாரம் கணக்குத் தீர்க்கப் போக வேண்டாம். மனைவியிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் தூக்கம் திரும்பிய பிறகு சொல்லுங்கள்.

அடுத்த பயணத்தில் மறுபடி போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். அழுகை நின்று, டாக்டரிடம் இதை வாய்விட்டுச் சொன்ன பிறகு அதை யோசியுங்கள். அதுவரை ஜெர்மனியில் பார்த்த அந்த அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் போடுங்கள்: இன்ன சொல்லில் உறைந்துபோனேன், பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்று. கம்பெனி மெயிலிலிருந்து போட்டுவிடாதீர்கள்.