மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் திட்டத்தில் கோல்டு நிலை வாங்க இன்னும் 7 இரவுதான் பாக்கி. சொந்தக் காசில் தங்கி முடிக்கலாமா?

கேட்டிருப்பவர் கோத்தகிரிக்காரர். கம்பெனி வேலையாகச் சென்னை, பெங்களூரு என்று போய் வருவதில் அந்தத் திட்டமான மேரியட் பான்வாய் கணக்கில் இந்த ஆண்டு 18 இரவு சேர்ந்திருக்கிறது. 25 ஆனால் கோல்டு. டிசம்பர் 31க்குள் மீதி 7 இரவைக் கைக்காசு போட்டுத் தங்கிவிடலாமா என்கிறார்.

வேண்டாங்க. நானும் குன்னூரிலிருந்து இதே பிழைப்பாக இறங்கி ஏறுபவன்தான்.

10 இரவு தாண்டியதுமே உங்களுக்கு கோல்டுக்கு முந்தைய நிலையான சில்வர் வந்திருக்கும். அதில் பாயின்ட் 10 சதவீதம் கூடுதல், கோல்டில் 25. வித்தியாசம் 15 சதவீதம். அறை வாடகைக்கு டாலருக்கு 10 பாயின்ட் என்பதுதான் அவர்களுடைய பெரும்பாலான ஹோட்டல்களில் கணக்கு. வருடத்துக்கு 1,26,000 ரூபாய் வாடகை, டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 14,000 பாயின்ட். கோல்டால் கூடுவது 2,100. அதை வைத்து ஓர் இரவு இலவசமாக எடுக்க முடியாது. ஆனால் 7 இரவுக்கு, ஆறாயிரம் ரூபாய் அறை என்றாலே 42,000, வரி தனி. பெரிய அறை தருவார்களே என்பீர்கள். காலியாக இருந்தால் தருவார்கள். பல நேரம் அது இரண்டு மாடி மேலே உள்ள அதே அறைதான்.

மலைக்காரனுக்கு உண்மையிலேயே உதவுகிற சலுகை ஒன்று உண்டு, லேட் செக்அவுட். சென்னையில் வேலை முடிந்தாலும் நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணிக்கு மேல்தான் கிளம்பும். நண்பகலில் அறையைக் காலி செய்துவிட்டு, அந்த வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் உட்காருவது? மாலை 4 மணி வரை அறை இருந்தால் குளித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். ஆனால் அந்த 4 மணி கோல்டுக்கு அடுத்த நிலையான பிளாட்டினத்துக்கு; அதற்கு 50 இரவு வேண்டும். கோல்டுக்கு மதியம் 2 மணி வரைதான், அதுவும் அறை இருந்தால். பிளாட்டினத்தில் பல ஹோட்டல்களில் காலை உணவும் சும்மா கிடைக்கும், ஆனால் கம்பெனி ரேட்டில் அது பெரும்பாலும் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கும்.

சரி, வீட்டுக்காவது உதவுமா? சீசனில் சொந்தக்காரர்கள் வந்தால் அறை போட்டுக் கொடுப்பது நம் தலையில்தான் விழும். ஊட்டி சவாயும் குன்னூர் கேட்வேயும் தாஜ் குழுமத்தைச் சேர்ந்தவை. அங்கே பான்வாய் கோல்டைக் காட்டி ஒன்றும் நடக்காது. மற்றபடி சொந்தக்காரர்களுக்கு நாம் பிடித்துக் கொடுப்பது காட்டேஜும் ஹோம்ஸ்டேயும். இ-பாஸ் வைத்து வண்டிகளை எண்ணி விடுகிற மே மாதத்திலும், தெரிந்த காட்டேஜ்காரருக்கு ஒரு போன் போட்டால் அறையும் கிடைக்கும், ரூம் ஹீட்டருக்குத் தனியாகக் காசும் கேட்கமாட்டார். எனக்கு அதுதான் பிளாட்டினம்.

கம்பெனி செலவில் 25 தானாக வந்தால் மட்டும் விடாதீர்கள். புக்கிங்கில் உங்கள் உறுப்பினர் எண் ஏறியிருக்கிறதா என்று செக்-இன் செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வெளித் தளங்களில் போட்ட அறை பொதுவாகக் கணக்கில் வராது. கூட வந்தவர் அறைக்கும் நீங்களே பணம் கட்டினால் பாயின்ட் கிடைக்கும், இரவு எண்ணிக்கை மட்டும் உங்கள் ஓர் அறைக்குத்தான். அப்புறம், ஜனவரி முதல் வாரத்தில் சென்னை வேலை ஏதாவது இருந்தால், அதை டிசம்பர் கடைசிக்கு இழுக்க முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்.