“யக்கா, கடிக்குமா?”

கேள்வி: நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போகும்போது முன்பின் தெரியாதவர்களும் குழந்தைகளும் எப்படி நடந்துகொள்கிறார்கள்? உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சிப்பிப்பாறைப் பெட்டை. செவலை நிறம், பெயர் செம்பி, வயது ஆறு. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். காலையில் ஐந்தரைக்கு ஒரு சுற்று, சாயங்காலம் கூட்டம் சேருவதற்கு முன்னால் ஒரு சுற்று. இத்தனை வருடத்தில் எங்களை நிறுத்தி ஜனங்கள் கேட்டது மொத்தம் மூன்றே கேள்விதான். “கடிக்குமா?”, “சோறு போடுறதில்லையா?”, “என்ன வெலைக்கு வாங்குனீங்க?”

மூன்றாவதுக்கு நான் பதில் சொல்வதில்லை. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். விருதுநகர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட நாய் இது. கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்று வளர்த்த இனம். ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால், எண்ணிப் பார்க்கிற மாதிரி விலா எலும்பு எல்லாம் அதன் வாகு. நன்றாகத் தின்று நன்றாக ஓடுகிற சிப்பிப்பாறை அப்படித்தான் இருக்கும். இதை எத்தனை பேரிடம் சொல்வது? ஒருநாள் பெரியவர் ஒருவர் டீக்கடையில் பன் வாங்கி வந்து, என் முகத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டே பிய்த்துப் போட்டார். செம்பி மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். “பாவம், திங்கக்கூடத் தெம்பில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் அரை மணி நேரத்துக்கு முன்தான் இரண்டு முட்டையும் கேப்பைக் களியும் முடித்துவிட்டு வந்திருந்தாள் மகராசி.

இனி முதல் கேள்வி.

“யக்கா, கடிக்குமா?” என்று கேட்டால் ஆரம்பத்தில் “இல்லப்பா, ஒண்ணும் பண்ணாது” என்றுதான் சொல்வேன். நாய் வைத்திருக்கும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். ஆனால் கேட்டவர் காதில் அது “தாராளமாகத் தொடுங்கள்” என்று விழுகிறது. நான் சொல்லி முடிப்பதற்குள் கை தலைக்கு மேலே இருந்து இறங்கிவிடும். முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வந்து நம் உச்சந்தலையில் பொத்தென்று கை வைத்தால் நாம் எப்படி இருப்போம்? ஆனால் நாய் மட்டும் குழைய வேண்டும்.

இப்போது யார் கேட்டாலும் “கடிக்கும்” என்கிறேன். இன்றுவரை செம்பி யாரையும் கடித்ததில்லை. என்றாலும் பல் இருக்கிறது, அதனால் கடிக்கும். இந்தப் பதிலுக்கு நான் மாறியது மூன்று வருடத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு.

தைப்பூசத் தெப்பத் திருவிழா முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கரையில் பஞ்சுமிட்டாய், பலூன், பருத்திப்பால் என்று கடைகள் இன்னும் கலையவில்லை. அந்த நேரத்தில் அவளைக் கூட்டிப் போனதே முதல் தப்பு. ஒரு அப்பா, ஐந்து வயசு இருக்கும் ஒரு பையன். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். உடனே அவர் பையனைத் தூக்கிச் செம்பிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, “தோள்ல கையப் போடுடா, இங்க பாரு” என்று போனை எடுத்துவிட்டார்.

அடுத்த அரை நிமிடத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதலில் செம்பி திறந்திருந்த வாயை மூடினாள். நாக்கை ஒரு தடவை மூக்குவரை நீட்டி நக்கிக்கொண்டாள். பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி. “தூக்கம் வருதுபோல” என்று அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், ஆனால் கண் மட்டும் பையன் மேலேயே இருந்ததால் ஓரத்தில் வெள்ளை விழி பிறை மாதிரி தெரிந்தது. வால் கால் இடுக்குக்குள் போனது. பையன் பஞ்சுமிட்டாய்ப் பிசுபிசுப்போடு இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கட்டை மாதிரி விறைத்து நின்றவள் ஒரே திமிறாகத் திமிறி, காற்றில் ‘டப்’ என்று ஒரு கடி. பல் அவன் மேல் படவில்லை. ஆனால் திமிறிய வேகத்தில் முன்னங்கால் நகம் அவன் முழங்கைக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டது. ரத்தம் இல்லை. தோல் வெளுத்து ஒரு கோடு, ஓரமெல்லாம் சிவப்பு.

அப்புறம் கேட்கவா வேண்டும். பையன் அலறினான், அப்பா கத்தினார், சுற்றி இருபது பேர். “புள்ளைகள் வர்ற எடத்துக்கு எதுக்கும்மா நாயக் கூட்டியார்ற?” செம்பியைப் பக்கத்துக் கம்பியில் கட்டிவிட்டு, டீக்கடையில் சோப்பு வாங்கி, குழாயைத் திறந்து பையன் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று தெரியும். அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பதினைந்து நிமிடம் ஒரு யுகம். கூட்டத்தில் ஒருவர் மஞ்சள்தூள் வைக்கச் சொன்னார், இன்னொருவர் சுண்ணாம்பு. காயத்தில் அதெல்லாம் போடவே கூடாது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். செம்பியின் தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, “அது இருக்கட்டும்மா, பையனுக்குப் போட்டுருவோம்” என்றார். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதை நம்பி மனிதருக்குப் போடாமல் விடும் விஷயம் இல்லை இது. ரேபீஸ் என்கிற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. அன்று ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் என்று நான்கு முறை. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் போட்டிருப்பார்கள். இவனுக்குத் தோல் சிராய்ப்போடு போனதால் அது வேண்டியிருக்கவில்லை. செம்பியைப் பத்து நாள் கவனித்துச் சொல்லச் சொன்னார்கள். நான்கு முறையும் நானே கூடப் போனேன். மூன்றாவது ஊசியன்று பையன் என்னிடம், “அதுக்கும் ஊசி போட்டீங்களா?” என்று கேட்டான். போட்டாச்சு என்றேன். “அழுதுச்சா?” என்றான். அவன் அப்பா அந்த நான்கு தடவையும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாயை மூடி, மூக்கை நக்கி, கொட்டாவி விட்டு, தலையைத் திருப்பி என்று நாலு தடவை செம்பி சொன்னாள். அவள் பாஷை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சாலையில் பார்க்கிறவர்கள் வாலை மட்டுமே பார்ப்பார்கள். வாலை ஆட்டினால் சந்தோஷம், அவ்வளவுதான் கணக்கு. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் அது சரி. நிமிர்ந்து நின்று நுனி மட்டும் விறைப்பாகத் துடித்தால் அந்த நாயிடம் போகாதீர்கள். மனிதர்களில்கூடப் பல்லைக் காட்டுகிறவர்கள் எல்லோரும் சிரிப்பதில்லையே.

குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். நாயைக் கண்டு பயப்படுவதைப் பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து கிண்ணத்தில் பருப்புச் சோறு ஊட்டும் அம்மாக்களுக்கு நானும் செம்பியும் ஒரு வசதி. “வாயத் தொற, இல்லாட்டி அந்த நாய்கிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்.” பிள்ளை எங்களைப் பார்த்துக்கொண்டே மிரண்டு விழுங்கும். பூச்சாண்டி வேலை எங்களுக்குச் சம்பளமில்லாமல் கிடைத்திருக்கிறது. ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்து, “கொஞ்சம் கொலைக்கச் சொல்லுக்கா” என்றுகூடக் கேட்டார். அதே பிள்ளை ஏழு வயதில் தெருவில் நாயைப் பார்த்ததும் வீறிட்டு ஓடும். ஓடினால் என்ன ஆகும்? எங்கள் வீட்டுச் சீமாட்டி கண்ணால் பார்த்து விரட்டுகிற ஜாதி. சும்மா நிற்கிற பிள்ளை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே பிள்ளை கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால் அவள் ரத்தத்தில் இருக்கும் கரிசல்காடு விழித்துக்கொள்ளும். கயிறு விறைப்பது என் தோள்பட்டைக்குத் தெரியும். கடிக்கிற எண்ணம் இருக்காது, விரட்டுகிற எண்ணம்தான். விரட்டப்படுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

அதனால் தெருப்பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நாய் வந்தால் மரம். கை இரண்டும் கிளை மாதிரி கீழே தொங்கி, கண் தரையைப் பார்த்து, வாய் மூடி. ஒரு மரம் எதற்காகக் கத்தப்போகிறது? பையன்கள் இதில் போட்டி போடுகிறார்கள். கீழே குனிந்து கல் எடுக்கிற மாதிரி பாவனை செய்யும் பழக்கத்தைத்தான் நிறுத்த முடியவில்லை. அது பெரியவர்களிடமிருந்து வந்தது. தெருநாய்க்கு அந்தக் குனிவு நன்றாகப் புரியும் என்பதால் ஓடிவிடுகிறது, அதனால் பையன்களுக்கு நம்பிக்கை. ஓடாத நாய் ஒன்றை ஒருநாள் சந்திக்கும்வரை.

பிள்ளைகளிலேயே ஒரு சிலர் என்னைப் பிரமிக்க வைக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பாப்பா, நான்காவது படிக்கிறாள். முதல் நாளே நாலடி தள்ளி நின்று, “ஆன்ட்டி, தொடலாமா?” என்றாள். நான் சரி என்றதும் உடனே வரவில்லை. “அதுக்குப் பிடிக்குமா?” என்றாள். இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். பக்கவாட்டில் நிற்கச் சொன்னேன், குனிந்து கவியாதே என்றேன். செம்பியே வந்து கையை மோந்து பார்க்கட்டும், வந்தால் தலையை விட்டுவிட்டு நெஞ்சுப் பக்கம் சொறிந்துகொடு, ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டுக் கையை எடு, இன்னும் வேண்டும் என்றால் அவளே ஒட்டி வருவாள். எண்ணினாள், எடுத்தாள். செம்பி அரையடி முன்னால் வந்து அவள் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். பாப்பாவின் அம்மா பின்னால் இருந்து, “போதும், வீட்டுக்குப் போயி டெட்டால் போட்டுக் கைய கழுவு” என்றார்.

நிஜமாகவே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்கிற நாய்க்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சின்ன வயதில் கடிபட்டவராக இருக்கலாம், ஊசிக்கு அலைந்தவராக இருக்கலாம். எதிரே ஒருவர் நடை தளர்ந்து துப்பட்டாவை இழுத்துப் பிடித்தால் நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஓரத்துக்கு மாறிவிடுவேன். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய பிறகு ஒரு மாசம் நான் தெப்பக்குளம் பக்கமே சாயங்காலம் போகவில்லை. பார்க்கிற ஒவ்வொரு கண்ணிலும் அந்தச் செய்தி இருந்தது. அந்தக் கண்களில் தப்பில்லை. கயிறில்லாமல் நாயை அவிழ்த்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டு நடக்கும் ஆட்கள் எங்கள் கரையிலும் இருக்கிறார்கள். சொன்னால், “எங்க டைகர் கொழந்த மாதிரிங்க” என்பார்கள்.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், பத்துப் பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. அந்த நாட்களில் டீக்கடையில் எல்லோரும் வக்கீல்தான். செம்பியைக் காட்டி, “இதையும் புடிச்சுட்டுப் போயிருவாங்களாம்ல?” என்று ஒருவர் கேட்டார். கழுத்துப்பட்டை இருக்குண்ணே என்றேன். பட்டையைக் கழற்றினால் என்ன என்று யோசிக்கிற மாதிரி பார்த்தார். ஒரு நன்மை, காதோரம் வெட்டப்பட்ட தெருநாயைப் பார்த்து, “யாரோ அறுத்துப்புட்டாய்ங்க” என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த பையன்களுக்கு, அது கருத்தடை ஆனதற்கான அடையாளம் என்று இப்போது தெரிந்திருக்கிறது.

செம்பிக்கு வெளியாட்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால், மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் ஒரு அப்பத்தாவைத்தான் சொல்வேன். அவர் இவளைத் தொட்டதே இல்லை. ஒரு துண்டு பிஸ்கட் போட்டதில்லை. நிமிர்ந்து பார்ப்பதுகூடக் கிடையாது. காலையில் நாங்கள் கடக்கும்போது நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே, “என்னாடி, வந்துட்டியா” என்பார், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் என்னை இழுத்துக்கொண்டு போகிறவள் அங்கே மட்டும் தானாக நின்று, ஈரச்சாக்கின் ஓரமாகப் படுத்துவிடுவாள். எழுப்பிக் கூட்டிவர எனக்குத்தான் அஞ்சு நிமிஷம் ஆகும். “இருக்கட்டும் விடு, வெயில் வந்தா அதுவே எந்திரிக்கும்” என்பார் அப்பத்தா, அப்போதும் பூவைப் பார்த்துக்கொண்டே.