ஊருக்காக வாங்கும் அடி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மான்செஸ்டர் பாக்ஸர் ரிக்கி ஹாட்டன் இறந்தபோது, அவருக்காகத் திரண்ட ஊர்க் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை இப்போதுதான் படித்தேன். எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லி ஒரு யோசனை கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தம்பிக்கு 23 வயது. பள்ளி முடித்ததிலிருந்து கோவைக்கு பஸ் ஏறிப் போய் பாக்ஸிங் பழகுகிறான். கேரள அளவில் இரண்டு மெடல் வாங்கியிருக்கிறான். இப்போது ஒருவர் அவனைத் தொழில்முறைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார். முதல் சண்டை நாலு ரவுண்டு, கோவையிலேயே. அதற்குள் ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் பெரியவர்கள்கூட "நம்மூர் மானம் உன் கையிலதான் இருக்குது கண்ணு" என்கிறார்கள். அப்பா மட்டும் "பேசாம ரயில்வேக்குப் பார்க்கச் சொல்லு" என்கிறார்.

இன்னொன்று. கோவையில் அவன் "மலையாளத்துப் பையன்". பாலக்காட்டில் "பாண்டி". எந்த ஊருக்காக அவன் அடி வாங்கப்போகிறான் என்று எனக்கே குழப்பம். ஊருக்காக ஆடுவது ஒரு பாக்ஸரைத் தூக்கி நிறுத்துமா, கவிழ்த்துவிடுமா?

(பெயர் வேண்டாம்)
கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள தம்பிக்கு,

எந்த ஊர் என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அதுதான் லேசானது. சித்தூர் பகவதி கோயிலில் வருஷா வருஷம் கொங்கன் படை நடக்கிறதே, பார்த்திருப்பீர்கள். கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனை ஊர்க்காரர்கள் பகவதியின் துணையோடு விரட்டியதாக ஐதீகம். அதைப் பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிறவர்களும் நிறைய. விரட்டப்பட்டவனும் நாம்தான், வெடி போட்டுக் கொண்டாடுகிறவனும் நாம்தான். எல்லையில் பிறந்தவனுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். உங்கள் தம்பிக்கும் பழகிவிடும்.

இதே சிக்கலோடு உலகப் பட்டம் வரை போன ஒருவர் இருக்கிறார். பாரி மக்கிகன். அயர்லாந்தின் மோனகன் மாவட்டத்தில் க்ளோன்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர். ஊரைத் தாண்டினால் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். அவர் வளர்ந்த காலத்தில் அங்கே அயர்லாந்தோடு சேர நினைத்த கத்தோலிக்கர்களுக்கும் பிரிட்டனோடு இருக்க நினைத்த புராட்டஸ்டண்டுகளுக்கும் மோதல், குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் தினசரிச் செய்தி. எல்லைச் சாலைகள் பலவற்றை ராணுவம் குழிபறித்து அடைத்து வைத்திருந்தது. நமக்கு வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசை நின்றாலே பொறுக்காது.

மக்கிகன் 1978இல் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியது வட அயர்லாந்துக்காக. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இறங்கியது அயர்லாந்துக்காக. தொழில்முறைக்கு வந்தபின் பிரிட்டிஷ் பட்டத்துக்குச் சண்டை போட வேண்டும் என்பதற்காக பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தார். துரோகி என்றவர்களும் உண்டு. அவர் கத்தோலிக்கர், மனைவி புராட்டஸ்டண்ட். அந்த ஊரில் அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் என்ன செய்தார் என்றால், இரண்டு கொடியையும் எடுக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் கொடியோடு ரிங்குக்கு வந்தார். சண்டைக்கு முன் எந்த நாட்டின் தேசிய கீதத்தைப் போட்டாலும் பாதிக் கூட்டம் முறைக்கும். அதனால் அவருடைய அப்பா ரிங்கில் ஏறி மைக்கைப் பிடித்து "டேனி பாய்" பாடுவார். அப்பா தொழிலே பாட்டுதான், 1968இல் யூரோவிஷன் போட்டியில் அயர்லாந்துக்காகப் பாடியவர். இரண்டு தரப்புக்கும் பொதுவான பாட்டு அது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், கிங்ஸ் ஹாலுக்கு வெளியே ஒருவரை ஒருவர் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் உள்ளே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கத்தினார்கள். 1985 ஜூன் 8 அன்று லண்டன் லாப்டஸ் ரோடு கால்பந்து மைதானத்தில், ஏழு வருஷமாகப் பட்டத்தை வைத்திருந்த பனாமாவின் யூசேபியோ பெட்ரோசாவை 15 ரவுண்டு ஆடி ஜெயித்தார். ஊர் திரும்பியபோது பெல்பாஸ்டிலும் டப்ளினிலும் தெரு கொள்ளாத கூட்டம்.

ஜெயித்த சூட்டில் அவர் மைக்கில் பேசியது எனக்கு அந்தச் சண்டையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1982இல் லண்டனில் அவர் அடித்து வீழ்த்திய நைஜீரியப் பையன் ஒருவன் கோமாவில் விழுந்து, எழாமலே இறந்துபோனான். யங் அலி என்ற பெயரில் ஆடியவன். பட்டத்தை அந்தப் பையனுக்குச் சமர்ப்பிப்பதாகச் சொன்னார் மக்கிகன். அந்தப் பையனை அடித்தவன் ஏதோ சாதாரண ஆள் இல்லை, உலக சாம்பியன் என்றாவது இருக்கட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். சொல்லும்போது அழுகை. அத்தனை பேரின் ஊர்ப்பெருமை கொதித்துக்கொண்டிருந்த ராத்திரியில் எதிர்க் கார்னரில் நின்றவனை ஒருவர் நினைத்திருக்கிறார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊர்ப்பெருமை பாக்ஸரை ரிங் வரை கொண்டுவந்து விடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடியற்காலை ஓட்டத்துக்கு எழுப்பும், சோற்றைக் குறைக்க வைக்கும், டிக்கெட் விற்கும். ஆனால் மணி அடித்தபின், அதுவும் கடைசி ரவுண்டுகளில், அதைப்போல ஆபத்தானது வேறில்லை. அந்த நேரத்தில் ஊரை மறந்துவிட்ட ஒரு ஆளாவது கார்னரில், அதாவது பாக்ஸருக்குத் துணையாக ரிங் ஓரத்தில் நிற்கிறவர்களில், இருக்க வேண்டும்.

மக்கிகனின் பட்டம் ஒரு வருஷம்தான் நின்றது. 1986 ஜூனில் லாஸ் வேகாஸில் திறந்தவெளியில் சண்டை. நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். எதிராளி ஸ்டீவ் க்ரூஸ், டெக்ஸாஸில் பிளம்பருக்குக் கையாளாக வேலை பார்த்த பையன். வேறொருவருக்குக் காயம் என்று கடைசி நேரத்தில் கூட்டி வந்தவர். மக்கிகன் பத்தாவது ரவுண்டில் ஒரு தடவை விழுந்தார். எழுந்து ஆடினார். பதினைந்தாவதில் இரண்டு தடவை விழுந்தார். அப்போதும் எழுந்தார். முடிவில் மூன்று நடுவர்களில் இருவர் கணக்கில் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அந்தக் கடைசி மூன்று நிமிஷம் விழாமல் நின்றிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். ரிங்கிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனார், உடம்பில் நீர்ச்சத்தே இல்லை. எங்கள் ஆள் ஆடியது போதும், நிறுத்துங்கள் என்பதற்கு அடையாளமாக ரிங்குக்குள் துண்டை வீசுவார்கள், அவர் கார்னரிலிருந்து யாரும் அதை வீசவில்லை. அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டு நாட்டின் கண்ணும் ஒரு ஆள் மேல் இருக்கும்போது அந்தத் துண்டின் எடை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான காட்சி, நான் எழுதிய ஹாட்டன் சண்டையிலேயே இருக்கிறது. அந்தக் குறிப்பில் மான்செஸ்டர் கூட்டத்தைப் பற்றியே எழுதினேன், இது விட்டுப்போயிற்று. 2005 ஜூன். அமெரிக்க டிவி நேரத்துக்காக நடுராத்திரி தாண்டி இரண்டு மணிக்குச் சண்டை. 22,000 பேர் ஹாட்டனின் ஊர்க்காரர்கள். ஹாட்டன் கொண்டாடும் கால்பந்து அணியின் பாட்டான "ப்ளூ மூன்" பாடித்தான் அவரை உள்ளே கூட்டி வருவார்கள். எதிரில் கோஸ்ட்யா ஜூ. ரஷ்யாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறி, அந்த எடையில் உலகமே பயந்த ஆள். பதினொன்றாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்று தம்பியிடம் கேளுங்கள், சொல்வான். ஒருவர் வாயிலிருந்து பல்காப்பை எடுத்துக் கழுவுவார். ஒருவர் பனிக்கட்டியில் கிடந்த சிறு இரும்பை எடுத்துக் கண்ணுக்குக் கீழே வீக்கத்தின் மேல் அழுத்துவார். வெட்டுப்பட்ட இடத்தில் மருந்துப் பஞ்சு, அதற்கு மேல் வாஸலின். கோச் முகத்துக்கு நேராகக் குனிந்து கண்ணைப் பார்ப்பார். வாய் ஏதோ உத்தி சொல்லிக்கொண்டிருக்கும், பார்வை முழுக்க அந்தக் கண்ணில்தான். ஜூவின் கோச் ஜானி லூயிஸ் அப்படிப் பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்திவிட்டார். பன்னிரண்டாவது ரவுண்டுக்கு ஜூவை அனுப்பவில்லை. உலகப் பட்டம் போயிற்று. ஜூ அதற்குப்பின் சண்டைக்கே வரவில்லை. ஆனால் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனார்.

நமக்கு பாக்ஸிங் பார்க்கும் பழக்கம் கிடையாது என்பதும் ஒரு விஷயம். வடசென்னையில் சார்பட்டா, இடியாப்பப் பரம்பரை என்று தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பது பார்க்கிறவனுக்கும் கொஞ்சம் தெரியும். நம் பக்கம் அப்படி இல்லை. கபடி, அப்புறம் போலீசுக்குத் தெரியாமல் பனந்தோப்பில் சேவக்கட்டு. உங்கள் டீக்கடைப் பெரியவர்கள் தம்பியைப் பார்க்கிற பார்வை கட்டுச்சேவலைப் பார்க்கிற பார்வையாக இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அவர்கள் மேல் தப்பில்லை, பாசம்தான்.

காசு விஷயத்தையும் பேச வேண்டும். உள்ளூர்ப் பையனை ஏன் கூப்பிடுகிறார்கள்? டிக்கெட் விற்கத்தான். இங்கிலாந்தில் சின்ன ஹால்களில் நடக்கும் சண்டைகளில் இது வெளிப்படை. உள்ளூர் பாக்ஸர் சொந்தக்காரர், சினேகிதர், பழைய வாத்தியார் என்று எல்லோர் தலையிலும் டிக்கெட்டைக் கட்ட வேண்டும். அதிலிருந்துதான் அவன் சம்பளம். எதிராளிக்கு மட்டும் பேசிய தொகை. அவன் வெளியூர்க்காரன், கூட்டம் கொண்டுவர மாட்டான், தோற்கத்தான் வருகிறான் என்பது பேசாத ஒப்பந்தம். பர்மிங்ஹாமின் பீட்டர் பக்லி அப்படி ஆடியே பேர் வாங்கியவர். 300 சண்டை, அதில் 256 தோல்வி. ஊர் ஊராகப் போய், வளர்ந்து வரும் பையன்களுக்கு முன்னால் நின்று, அடியை நேராக வாங்காமல் நழுவி, தோற்று, காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். 2008இல் கடைசிச் சண்டையைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டார். அதில் ஜெயித்தார். பாக்ஸிங் தெரிந்தவர்கள் பலர் அவரைத்தான் கெட்டிக்காரர் என்பார்கள். நானும் அந்தக் கட்சி.

ஹாட்டனோ 2012இல் மூன்று வருஷ இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தார். மனச்சோர்வு, குடி எல்லாம் பார்த்துவிட்டு. எதிராளி யார் என்று அறிவிக்கும் முன்பே மான்செஸ்டரில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஒன்பதாவது ரவுண்டில் விலாவில் ஒரு குத்து, எழ முடியவில்லை. அன்று ராத்திரியே ஓய்வு. ஊர் அவரைக் கைவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கடைசிவரை கொண்டாடியது. வா என்று கூப்பிட்டதும் அதே ஊர்தான்.

அதனால் இந்த முதல் சண்டையில் தம்பிக்கு எதிரே யாரை நிறுத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். லேசான ஆளைக் கொண்டுவந்தால் ஊர் குதிக்கும். அப்படியே நாலைந்து ஜெயித்தபின் ஒரு நாள் நிஜமான ஆள் வருவான். அன்றைக்கு ஃப்ளெக்ஸ் எதற்கும் உதவாது.

உங்கள் அப்பா சொல்வதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ரயில்வே விளையாட்டுக் கோட்டாவில் பொதுவாக 18 முதல் 25 வயது வரைதான் எடுக்கிறார்கள். அங்கே பார்ப்பது அங்கீகரித்த மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழை. காசுக்கு ஆடும் சண்டையில் எத்தனை பேரை வீழ்த்தினாலும் அந்தக் கணக்கில் சேராது. தம்பிக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. தொழில்முறைக்கு 25 ஒன்றும் தாமதமில்லை. விஜேந்தர் சிங் 2015இல் தொழில்முறைக்குப் போகும்போது அவருக்கு 29 வயது. பெய்ஜிங் ஒலிம்பிக் வெண்கலமும் ஹரியானா போலீசில் டிஎஸ்பி வேலையும் கையில் இருந்தன. பிவானிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் அந்த வரிசையில்தான் போனார். முதலில் வேலை, அப்புறம் வீரம்.

அப்படியும் போய்த்தான் ஆவேன் என்றால், 23 வயதுப் பையனை நீங்களும் நானும் கட்டிப்போட முடியாது. கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மேனேஜருக்கு எத்தனை பங்கு, எத்தனை வருஷத்துக்குக் கட்டுப்பட வேண்டும், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று பாருங்கள். தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். துண்டு யார் கையில் இருக்கும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அது நீங்களாக இருக்க வேண்டாம், டீக்கடைக்குத் திரும்பி வர வேண்டியவர் நீங்கள். ஊர்க்காரர்கள் யாருமே வேண்டாம். கோவையில் அவனுக்குப் பழக்கிவிட்ட கோச் சரியான ஆள் என்றால் அவரே போதும். அவர் நிறுத்தினால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம் என்று அப்பா அவரிடம் நேரில் சொல்லட்டும்.

சண்டை தேதி முடிவானால் எழுதுங்கள். எனக்கு இரண்டு டிக்கெட், காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.

அன்புடன்.