பாட்டியின் பெயர் எந்தக் கோப்பில் இருக்கிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கோலாலம்பூரில் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் நிபோங் திபால் பக்கம். செபராங் பிறைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. என் பாட்டி பதினோரு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். நூலகப் பட்டியலில் ‘இந்தியப் பெண்கள், மலாயா’ என்று தேடினால் நாலைந்து புத்தகங்களுக்கு மேல் வரவில்லை. தமிழில் தேடினால் மகளிர் தின வாழ்த்துகள்தான் வருகின்றன. ‘தரவு கிடைக்காது, தலைப்பை மாற்றிக்கொள்’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி,
கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

தலைப்பை மாற்ற வேண்டாம். தரவு கிடைக்காது என்று சொன்னவர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு வேறு தலைப்புக்குப் போன இரண்டு மூன்று பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்களும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் ‘பெண்கள்’ என்று தேடினீர்கள். அந்தக் காலத்தில் கோப்பு திறந்த கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், அந்தச் சொல்லின் கீழ் எதையும் போட்டு வைக்கவில்லை. அவருக்கு உங்கள் கொள்ளுப்பாட்டி ஒரு கூலி, இல்லாவிட்டால் ஒரு கூலியின் மனைவி. பிள்ளை பெற்றால் தோட்டத்துக்கு ஒரு செலவு. புருஷனை விட்டுப் போனால் ஒரு வழக்கு. இறந்தால் மருத்துவ அறிக்கையில் ஓர் எண். அதனால் கிராணியின் சொற்களைக் கொண்டுதான் தேட வேண்டும். பிரசவப் படி, ஆயாக்கொட்டகை, நாள் கூலி, தோட்ட மருத்துவமனை, கள்ளுக்கடை, தற்கொலை, ஓடிப்போதல் எல்லாவற்றுக்கும் அன்று ஆங்கிலத்தில் என்ன எழுதினார்களோ அதைப் போட்டுப் பாருங்கள். ‘மெட்டர்னிட்டி’, ‘கிரெஷ்’, ‘டெசர்ஷன்’, அப்புறம் ‘என்டைஸ்மென்ட்’.

அந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். மணமான ஒரு பெண்ணை ‘மயக்கிக் கூட்டிப் போவது’ தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவில் குற்றம். புகார் கொடுக்கிறவர் புருஷன், குற்றவாளி இன்னோர் ஆண். அந்தப் பெண் தன் விருப்பத்தில் கிளம்பினாரா என்பது சட்டத்துக்குப் பெரிதில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கில்கூட மலாயா இந்தியரில் ஆயிரம் ஆணுக்கு ஐந்நூறு பெண் இல்லை. ஆகவே தோட்டங்களில் இப்படிப்பட்ட பிணக்குகளுக்குக் குறைவில்லை. வழக்கு வந்தால் வாக்குமூலம் வரும். மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாகவாவது ஒரு பெண் பேசிய சொற்கள் அங்கே தாளில் ஏறிவிடுகின்றன. அருணிமா தத்தா 2021ல் மலாயாவின் இந்தியக் கூலிப் பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இந்த மாதிரிக் கோப்புகளைத் துருவி எழுதியதுதான். முதலில் அதை வாசியுங்கள். அடிக்குறிப்புகளை இரண்டு தடவை வாசியுங்கள், உங்களுக்கு வேண்டிய வழி அங்கேதான் இருக்கிறது. இதே 498ஆம் பிரிவை நம் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது 2023 டிசம்பரில்தான். கொள்ளுப்பாட்டி காலத்துச் சட்டம் நீங்கள் கல்லூரிக்குப் போகும்வரை உயிரோடு இருந்திருக்கிறது.

சரி, கோப்புகள் எங்கே? கோலாலம்பூரிலேயே இருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. முன்பு ஜாலான் டூத்தா என்று சொன்ன ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் உள்ள அர்கிப் நெகாராவில், அதாவது நம் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆய்வாளராகப் பதிந்துகொள்ளுங்கள். போவதற்கு முன் அவர்களுடைய இணையப் பட்டியலில் வீட்டிலிருந்தே தேடிக் கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டால் அங்கே போய் அரை நாள் வீணாகாது. சிலாங்கூர் செயலகக் கோப்புகள்தான் அங்குள்ள பெரிய புதையல். ஆனால் நீங்கள் செபராங் பிறைக்காரர். அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பினாங்கும் செபராங் பிறையும் நீரிணைக் குடியேற்றங்களில் (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்) சேர்ந்தவை. கூட்டு மலாய் மாநிலங்களான சிலாங்கூர், பேராக்கின் நிர்வாகம் வேறு. உங்கள் ஊர்க் கடிதப் போக்குவரத்து லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி அலுவலகத்தின் ‘சிஓ 273’ என்ற வரிசையில் இருக்கும். கூட்டு மாநிலங்களுக்கு 1920 முதல் ‘சிஓ 717’. இந்த இரண்டு எண்களைக் குழப்பிக்கொண்டு ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. இன்னொன்று, உங்கள் பக்கத்தில் ரப்பருக்கு முன்னால் கரும்பு. 1910ல் ஒப்பந்தக் கூலிமுறையை நிறுத்தும்வரை அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் அந்த முறையில்தான். ஆகவே ரப்பரோடு நின்றுவிடாமல் கரும்பையும் தேடுங்கள்.

பெயர் எழுத்து இன்னொரு முள். லெட்சுமி என்ற ஒரே பெயரை நடுவில் ‘டிசிஎச்’ போட்டு ஒரு கிராணி எழுதுவார், ‘கேஎஸ்’ போட்டு அடுத்தவர் எழுதுவார். முனியம்மாவுக்கு ஒரு ‘எம்’ குறையும், ஒரு ‘எச்’ கூடும். நான்கைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான்.

இந்தியாவின் தேசிய ஆவணக் காப்பகம் ‘அபிலேக் படல்’ என்ற தளத்தில் அன்றைய குடிபெயர்வுக் கோப்புகளை ஏராளமாக ஏற்றி வைத்திருக்கிறது. பதிவு செய்தால் போதும், வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்திய அரசு மலாயாவில் ஓர் ஏஜெண்டை வைத்திருந்தது. அவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளும், சீனிவாச சாஸ்திரி நேரில் வந்து பார்த்து எழுதிய 1937 அறிக்கையும் உங்களுக்கு அடிப்படை. கூலிக் கணக்கைப் பாருங்கள். 1920களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930ல் ரப்பர் விலை சரிந்ததும் 40, 32 என்று இறக்கினார்கள். இரண்டு தடவையும் ஐந்துக்கு நாலு. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் அதே பெரட்டு, அதே இருட்டு, தலையில் அதே பால் வாளி. இந்த ஒரு கணக்கை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

பத்திரிகைகளுக்கு சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளம். பினாங்கு கெசட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ இரண்டும் அங்கே கிடைக்கும், அதனால் உங்கள் ஊர் நீதிமன்றச் செய்திகள் அகப்படும். தமிழ் முரசும் இருக்கிறது. ஆனால் பழைய தமிழ் அச்சைக் கணினி ஒழுங்காகப் படிக்காது. தேடல் பெட்டியை நம்பாமல் ஒரு வருட இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். 2019ல் நின்றுபோன தமிழ் நேசனை ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கேட்டுப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சங்கம் நடத்திய ‘சங்கமணி’யை விட்டுவிடாதீர்கள். மலாயாப் பல்கலையின் இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் அந்தக் காலத்தில் எழுதிய லத்தேஹான் இல்மியாக்கள், அதாவது பட்டப்படிப்பு ஆய்வேடுகள், அலமாரியில் தூசியோடு கிடக்கின்றன. இருபது வயதுப் பிள்ளைகள் தங்கள் தோட்டத்துக்கே திரும்பிப் போய் எழுதியவை. நடை கரடுமுரடாக இருந்தாலும், அந்தத் தோட்டமே இன்று இல்லாத நிலையில், அந்தக் கணக்கெடுப்புகளுக்கு ஈடு கிடையாது.

பெரிய சம்பவங்களுக்குள்ளும் பெண்களைத் தேடலாம். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் சைக்கிளை விட்டு இறங்காமல் துரை முன்னால் போகும் உரிமையைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதே பட்டியலில், தோட்டத்து மேலதிகாரிகள் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. அதைக் கேட்க வைத்த பெண்கள் யார்? எந்தத் தோட்டம்? இதை எடுத்து எழுத ஒருவர் வர மாட்டாரா என்று நான் பல வருடமாக ஏங்குகிறேன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையும் அப்படித்தான். கேப்டன் லட்சுமி, ஜானகி தேவர் என்ற பெயர்கள் நமக்குத் தெரியும். ராசம்மா பூபாலன் பின்னாளில், 1960ல், பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கிச் சம ஊதியத்துக்குப் போராடியதும் தெரியும். இவர்கள் படித்தவர்கள், ஆங்கிலத்தில் பேட்டி கொடுத்தவர்கள். அந்தப் படையில் அணிவகுத்த பெண்களில் பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து போனவர்கள். சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளில் போய்க் கேளுங்கள், தமிழ்க் குரல்களும் உண்டு.

பினாங்குக்கு வந்தால் என் வீட்டில் தங்கலாம். இங்குள்ள அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம்மில் ‘கனித்தா’ என்ற மகளிர் ஆய்வு மையம் இருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் பழைய வெளியீடுகளையும் பார்க்க வேண்டும். மருந்தடிக்கும் வேலையில் இருந்த தோட்டப் பெண்களைப் பற்றி, நகம் சொத்தையாகி மூக்கில் ரத்தம் வடிந்ததைப் பற்றிப் பல்கலைக்கழகங்களைவிட இப்படிப்பட்ட அமைப்புகள்தான் அதிகம் எழுதி வைத்தன. ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு 2002ல் பினாங்கு அமைப்பொன்றோடு சேர்ந்து பூச்சிமருந்து நஞ்சேற்றம் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் ரோஜா முத்தையா நூலகமும், மும்பையில் எழுத்தாளர் அம்பை மற்றவர்களோடு சேர்ந்து 1988ல் தொடங்கிய பெண்கள் ஆவணக் காப்பகமான ‘ஸ்பாரோ’வும் இருக்கின்றன. பெண்களின் குரலையும் படத்தையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று ஸ்பாரோவிடம் கற்றுக்கொள்ளலாம். 1929 டிசம்பரில் பெரியார் நாகம்மையாரோடு பினாங்கில் வந்து இறங்கினார். அந்த வாரங்களின் குடியரசு இதழ்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இவை எல்லாவற்றையும் ஒத்திப் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன். சிஓ 273 அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். உங்கள் பாட்டியின் மூத்த அக்காமார் இருக்க மாட்டார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளியைத் தின்று எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்குக் காகிதம் மிகக் குறைவு. தொண்ணூறு தாண்டிய பாட்டிமார் சிலரின் நினைவில்தான் அது இருக்கிறது. அடுத்த சனிக்கிழமையே ஊருக்குப் போங்கள்.

போகும்போது கேள்வித்தாள் வேண்டாம். நானும் முதலில் கேள்வித்தாளோடுதான் போனேன். ‘நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?’ என்று கேட்டதற்கு ஒரு பாட்டி, ‘நான் எங்க வேலை செஞ்சேன், அவருக்குக் கூடமாட ஒத்தாசையா நின்னேன்’ என்றார். முப்பது வருடம் அவரும் மரம் வெட்டியிருக்கிறார். வெட்டக் கொடுத்த மர வரிசை, அந்த நிரை, புருஷன் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த தடவை மரத்தில் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் தானாகவே அதன் உட்பக்கத்தை வழித்தது, ஒட்டுப்பாலை உரித்தெடுக்கிற அதே அசைவு. அப்புறம் பேச ஆரம்பித்தவர் மக்ரிப் பாங்கு கேட்கும்வரை நிறுத்தவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார், கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மார்பில் பால் கட்டியதோடு எத்தனை மரம் வெட்டினார், எந்த மண்டோர் (மேற்பார்வையாளர்) எடையில் ஏய்த்தார், எல்லாம் வந்தது. அழுவார்கள், பாடுவார்கள். ஒப்பாரியும் தாலாட்டும் வந்தால் பதிவை நிறுத்திவிடாதீர்கள். யார் பெயரைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். பழைய அடையாள அட்டை, சேமநிதித் தாள், சங்கச் சந்தா ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, எதையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டம் கை மாறியபோது ஆள் பெயரும் கூலியும் பதிந்த செக்ரோல் புத்தகங்களை ஆபீசுக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். மூன்று நாள் புகைந்தது. என் பாட்டி வேலை செய்ததற்கு இன்று என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அவருடைய பிரசவப் படிச் சீட்டுதான். அதில் அவர் பெயரை ஒரு கிராணி தப்பாக எழுதியிருக்கிறார். கீழே அவருடைய கைநாட்டு, ரேகை ரேகையாக இன்னும் தெளிவாக இருக்கிறது.

உங்கள் பாட்டியின் அடையாள அட்டையில் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது, தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் என்ன, நம் ஆட்கள் அந்தத் தோட்டத்தைத் தமிழில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்ற மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பினாங்கு கெசட்டில் முதல் தேடலை நாம் இருவரும் சேர்ந்தே செய்யலாம்.

அன்புடன்,
அக்கா
ஜார்ஜ்டவுன், பினாங்கு